மெல்லத் தொடங்கி உரத்து முடிகிற பாட்டு: கிற்றாரில் றொக் பலட் வாசிக்க

றொக் பலட் ஒன்றுக்குத் தேவையான கோட்களை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கிற பிடிகளை, ஒரு கிழமைக்குள் பிடித்துவிடலாம். நாலு, மிஞ்சினால் எட்டொன்பது. வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுவரை, அதுவும் பயமுறுத்தாது. இருந்தும் பலர் வாசிக்கக் கேட்டால் பலட் மாதிரி இருப்பதில்லை, எங்கேயோ போக அந்தரப்படுகிற பாட்டு மாதிரி இருக்கும். பிழை அனேகமாக வலது கையில்.

யாழ்ப்பாணத்தில் கிற்றார் பிடிக்கிற பலருடைய கை தேவாலயப் பாடகர் குழுவிலோ பைலாவிலோ பழகிய கை. பைலாவின் 6/8 தாளத்தில் கை ஓயாமல் துள்ளவேண்டும், இடைவெளி கண்டால் நிரப்பவேண்டும். அங்கே அதுதான் அழகு. பலட்டில் அதே பழக்கம் பாட்டைக் கெடுத்துவிடும். ஒரு கம்பியைத் தட்டிவிட்டு அது ஒலிக்க இடம்விட்டுப் பொறுத்திருப்பதுதான் இங்கே வேலை. அதனால் கீழே வலது கைக்குத்தான் கூடுதல் இடம்.

முதலில் வாத்தியம்

உருக்குக் கம்பி போட்ட கிற்றார் வேண்டும். நைலோன் கம்பிக் கிளாசிக்கல் கிற்றாரிலும் விரல் பழகலாம். ஆனால் கோரஸில், பாட்டில் திரும்பத் திரும்ப வரும் உரத்த பகுதியில், ஓங்கி அடிக்கும்போது வரவேண்டிய பளீரென்ற ஒலி அதில் வராது. அதற்காகக் கிளாசிக்கல் கிற்றாரில் உருக்குக் கம்பியைப் பூட்டிவிடாதீர்கள். நைலோன் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ. ‘12’ என்று விற்கிற உருக்குத் தொகுதி 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவையில் முன்பலகை வயிறு வைக்கும், இல்லாவிட்டால் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பலகையைவிட்டுக் கிளம்பிவிடும்.

மலிவான கிற்றார் வாங்கியவர்கள் பாதியில் கைவிடுவதற்குப் பெரிய காரணம் கம்பி உயரம். பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை 12ஆம் பிரெற்றின்மேல் (பிரெற் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நிறுத்திப் பாருங்கள். பிரெற்றின் மேல்விளிம்பிலிருந்து தடித்த 6ஆம் கம்பியின் அடிவரை 2.5 மில்லிமீற்றர், மெல்லிய 1ஆம் கம்பிக்கு 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைய இருந்தால் நல்லது. 3 மில்லிமீற்றரைத் தாண்டினால் எந்தப் பயிற்சியும் உதவாது, விரல்தான் நோகும்.

உயரத்துக்குக் காரணம் மூன்று இடங்களில் இருக்கலாம், அந்த ஒழுங்கிலேயே பாருங்கள். முதலில் கழுத்து: 6ஆம் கம்பியை 1ஆம் பிரெற்றிலும் 14ஆம் பிரெற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், 7ஆம் பிரெற்றுக்கு மேலே கொப்பித்தாள் இரண்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கவேண்டும். அதைவிட அதிகமென்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கவேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அடுத்தது நட், கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பதிந்திருக்கும் துண்டு: 3ஆம் பிரெற்றில் அழுத்தும்போது 1ஆம் பிரெற்றுக்கு மேலே ஒரு தாள் அளவுதான் இடைவெளி தெரியவேண்டும். கடைசியாகச் சாடில், பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய துண்டு. அதன் அடியைத் தட்டையான உப்புத்தாளில் தேய்த்துக் குறைக்கலாம். 12ஆம் பிரெற்றில் அரை மில்லிமீற்றர் இறங்கவேண்டுமானால் சாடிலில் ஒரு மில்லிமீற்றர் எடுக்கவேண்டும்.

சாடிலைத் தேய்க்கும் வேலையை மாரியில் செய்யாதீர்கள். கிற்றார் மரத்துக்கு உகந்த ஈரப்பதன் 45 முதல் 55 வீதம். கடல் சூழ்ந்த எங்கள் ஊர்க் காற்று அதைவிட ஈரமானது, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் மோசம். முன்பலகை ஈரம் குடித்து ஊதும், கம்பியும் கூடவே உயரும். அந்த நேரம் தேய்த்துவிட்டால் வெயில் காலத்தில் பலகை இறங்கிக் கம்பி பிரெற்றில் உரசி இரையும். தேய்த்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. மழைக் காலத்தில் பெட்டிக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொதிகளைப் போட்டு மூடி வையுங்கள். தகரக் கூரைக்கு நேரே கீழேயும், வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள்ளும் வைக்கவே கூடாது: பசை இளகிவிடும்.

கம்பி ‘11’ தொகுதியில் தொடங்குங்கள், அதாவது 1ஆம் கம்பி 0.011 அங்குலம். ‘10’ விரலுக்குச் சுகம், ஆனால் அடிக்கம்பிகளின் ஒலி மெலிந்துவிடும். பலட்டின் சரணம் முழுக்க அந்த அடிக்கம்பியில்தான் நிற்கிறது. குருநகர், பாசையூர், காரைநகர் பக்கம் உப்புக்காற்றில் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டொன்றால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகச் சுற்றிப் பிடித்து நீளத்துக்குத் துடையுங்கள். மேல்பூச்சுப் பூசிய கம்பிகள் விலை கூட, கடற்கரையில் அந்த விலைக்குத் தகும்.

சுருதியில் ஒரு பொறி

தடித்த கம்பியிலிருந்து: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தலையில் கவ்வுகிற ரியூனரோ கைத்தொலைபேசிச் செயலியோ போதும். அதில் ஏ 440 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே வாருங்கள். சுருதி கூடிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் திருகில் இருக்கும் தளர்வு வாசிக்கும்போது இன்னும் இறங்கும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜி கம்பியைச் ‘ச’ என்று வைத்தால் பி கம்பி அதன் அந்தர காந்தாரம். தம்புராவில் பழகிய காது அந்தக் காந்தாரத்தைக் கிற்றாரின் அளவைவிடச் சாடையாக இறக்கித்தான் கேட்கும், ஏறத்தாழ ஓர் அரைச்சுரத்தின், அதாவது ஒரு பிரெற் ஏற்றத்தின், ஏழில் ஒரு பங்கு. அப்படி இறக்கி வைத்தால் ஜி கோட் தேன் மாதிரி இருக்கும். அடுத்ததாக டி கோட் பிடித்தவுடன் நாறிவிடும், ஏனென்றால் அதே பி கம்பியின் 3ஆம் பிரெற்றில் வரும் டியும் அந்தளவு இறங்கிப்போய், திறந்த 4ஆம் கம்பியின் டியோடு மோதும். கிற்றாரில் எல்லாக் கோட்டும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அதனால் பி கம்பி விடயத்தில் காதை நம்பவேண்டாம், ரியூனர் சொல்வதைக் கேளுங்கள்.

அசையாத இரண்டு விரல்

கீழே வரும் எண்கள் 6ஆம் கம்பியிலிருந்து 1ஆம் கம்பிவரை, எந்தப் பிரெற்றில் அழுத்துவது என்பதைச் சொல்கின்றன. 0 என்றால் திறந்த கம்பி, × என்றால் ஒலிக்கக்கூடாது.

ஜி: 3-2-0-0-3-3
டி, அடியில் எப் ஷார்ப்: 2-×-0-2-3-3
ஈ மைனர் 7: 0-2-2-0-3-3
சி ஆட் 9: ×-3-2-0-3-3

நாலிலும் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். மோதிரவிரல் 2ஆம் கம்பியின் 3இல், சின்னவிரல் 1ஆம் கம்பியின் 3இல். அவை எழும்பவே தேவையில்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் நடக்கின்றன, அதுவும் கொஞ்சத் தூரம். ஜியில் நடுவிரல் 6ஆம் கம்பி 3இல், சுட்டுவிரல் 5ஆம் கம்பி 2இல். இரண்டாவது கோட்டுக்குச் சுட்டுவிரல் ஒரு கம்பி மேலேறி 6ஆம் கம்பி 2க்கு வரும், அதன் நுனி 5ஆம் கம்பியைத் தொட்டு ஊமையாக்கும். நடுவிரல் 3ஆம் கம்பி 2க்குப் போகும். ஈ மைனர் 7க்கு இரண்டும் ஆளுக்கொரு கம்பி நெருங்கி வந்து 5ஆம், 4ஆம் கம்பிகளின் 2இல் நிற்கும். சி ஆட் 9 என்பது ஜியில் இருந்த அதே சுட்டு, நடு விரல் வடிவம் அப்படியே ஒரு கம்பி இறங்கியது.

வெறும் சியைவிட சி ஆட் 9 நல்லது என்பது சோம்பலுக்காக மட்டும் சொல்வதல்ல. இரண்டு மேல்கம்பிகள் நாலு கோட்டிலும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அடியில் மட்டும் ஜி, எப் ஷார்ப், ஈ என்று இறங்கிப் போவதுதான் அக்கூஸ்ரிக் பலட்டில் நெஞ்சைப் பிசைகிற அந்த உணர்வைக் கொடுக்கிறது. மேலே ஒரு சுருதி நிற்க கீழே நகர்வது எங்கள் காதுக்கு அந்நியமும் இல்லை.

மற்றப் பகுதிகளுக்கு இன்னும் சில வேண்டும். டி சஸ் 4: ×-×-0-2-3-3. டி: ×-×-0-2-3-2. ஏ மைனர் 7: ×-0-2-0-1-0. சி: ×-3-2-0-1-0. இடைப்பகுதியில் வருகிற பி மைனர்தான் பலரைத் தடுத்து நிறுத்துகிறது, சுட்டுவிரல் முழுவதையும் கிடத்திப் பிடிக்கவேண்டும் என்பதால். அதற்குப் பதில் பி மைனர் 7ஐ ×-2-0-2-0-2 என்று மூன்று விரலால் பிடியுங்கள். பலட்டில் அது மாற்றுவழியாகத் தெரியாது. பல இடங்களில் முழுப் பிடியைவிட வடிவாகவே ஒலிக்கும்.

கம்பி இரைந்தால் இன்னும் பலமாக அழுத்துவது பதிலல்ல. விரலைப் பிரெற்றுக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், அதன்மேல் ஏறாமல் சற்றுப் பின்னால். விரல்நுனி நோவு இயல்பு. நாளுக்கு இருபது நிமிடம் இரண்டு தடவை வாசித்தால் ஒரு மாதத்துக்குள் தோல் தடித்துவிடும். கிணற்றடியில் குளித்து ஊறிய விரலோடு உடனே உட்காராதீர்கள், மெதுமையான தோலைக் கம்பி வெட்டும். மணிக்கட்டில் நோவு வந்தால் மட்டும் அது பொறுத்துக்கொள்ளவேண்டிய நோவல்ல: பெருவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவுக்கு இறக்கி, மணிக்கட்டை நிமிர்த்துங்கள்.

சரணம்: விரலால் உதிர்ப்பது

வலது கைப் பெருவிரலுக்கு 6, 5, 4ஆம் கம்பிகள். சுட்டுவிரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1. இந்தப் பங்கீடு மாறுவதில்லை. நாலு தட்டுள்ள ஒரு சுற்றில் எட்டு ஒலி, ஒரு தட்டுக்கு இரண்டு:

அடிக்கம்பி, 3, 2, 3, 1, 3, 2, 3

அடிக்கம்பி ஜிக்கும் ஈ மைனர் 7க்கும் 6ஆவது, சி ஆட் 9க்கு 5ஆவது. எப் ஷார்ப் அடியுள்ள டிக்கு 6ஆவது. ஆனால் அந்தச் சுற்றில் 1ஆம் கம்பியைத் தொடவேண்டாம், ஐந்தாவது ஒலியாகப் பெருவிரல் திறந்த 4ஆம் கம்பியைத் தட்டட்டும். அப்போது சின்னவிரல் தன் இடத்திலேயே இருந்தாலும் குறை தெரியாது.

இனி, கோட் மாற்றும்போது எல்லா விரலும் ஒரே கணத்தில் இறங்கவேண்டும் என்று நினைப்பதுதான் இந்த இடத்தில் நடக்கிற பெரிய வீண்வேலை. உதிர்க்கும்போது வலது கை எந்தக் கம்பியை முதலில் கேட்கிறதோ அந்த விரல்தான் முதலில் வரவேண்டும். சி ஆட் 9இல் முதலாவது 5ஆம் கம்பி, ஆகவே நடுவிரல் மட்டும் நேரத்துக்கு வந்தால் போதும். அடுத்தது 3ஆம் கம்பி, திறந்தது. அடுத்தது 2ஆம் கம்பி, விரல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. சுட்டுவிரல் பிடிக்கிற 4ஆம் கம்பியை இந்த உதிர்ப்பில் தட்டுவதே இல்லை. ஈ மைனர் 7க்கு முதல் இரண்டு கம்பிகளும் திறந்தவை. எந்த அவசரமும் இல்லை. இதை உணர்ந்துகொண்டால் கோட் மாறும் இடத்தில் வரும் அந்தச் சின்னத் தடக்கல் ஒரே நாளில் பாதியாகும்.

மாறாக, முன்கூட்டியே விரலைத் தூக்குவதும் பிழை. எட்டாவது ஒலி விழும்வரை அடிக்கம்பியின் விரல் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். ஏழாவதிலேயே எழுந்துவிட்டால் அடியொலி அறுந்து, சுற்றுக்குச் சுற்று ஓட்டை விழும்.

எட்டு ஒலியும் ஒரே பலத்தில் வந்தால் தையல் இயந்திரம் மாதிரி இருக்கும். அடிக்கம்பிக்குப் பலம், 2ஆம், 1ஆம் கம்பிகளுக்கு நடுத்தரம், நாலு தடவை வருகிற 3ஆம் கம்பி காதில் விழுந்தும் விழாமலும். சுட்டுவிரல் இயல்பிலேயே பலமானது, அதனால் அதை அடக்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அடக்கியதும் அடிக்கம்பியும் மேல்கம்பியும் இரண்டு வாத்தியம் மாதிரிப் பிரிந்து கேட்கும். விரல்களை உள்ளங்கையை நோக்கி மடக்கி இழுங்கள்; மேலே கொளுவி இழுத்தால் கம்பி பிரெற்றில் அறையும். பெருவிரல் மற்ற விரல்களுக்கு முன்னால், கழுத்துப் பக்கம் நீண்டிருக்கட்டும், உள்ளே மடிந்தால் சுட்டுவிரலோடு இடிபடும். வலது கையில் நகம் சதையைத் தாண்டி ஒரு மில்லிமீற்றர் இருந்தால் போதும். இடது கையில் ஒட்ட வெட்டவேண்டும்.

ஜியிலிருந்து சி ஆட் 9க்கு நேரே போகிற இடம் வந்தால் ஒரு சின்ன அலங்காரம் வைக்கலாம். ஜிச் சுற்றின் நாலாவது தட்டில் 5ஆம் கம்பியைத் திறந்து தட்டி, அதே தட்டின் பாதியில் 5ஆம் கம்பி 2ஆம் பிரெற், அடுத்த சுற்றின் முதல் தட்டில் 3ஆம் பிரெற். ஜி, ஏ, பி, சி என்று அடிக்கம்பி படியேறும். சரணத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு சுற்றிலும் வைத்தால் அலுத்துவிடும்.

கோரஸ்: தகதிமி

கோரஸில் ஒரு தட்டு நாலாகப் பிரிகிறது. ‘தகதிமி’ தெரிந்தவர்களுக்கு இது பாதி படித்த பாடம். ‘த’வும் ‘தி’யும் கை கீழே, ‘க’வும் ‘மி’யும் கை மேலே. நாலு தட்டுக்கும் கை நிற்காமல் கீழும் மேலும் போய்வரும். எந்த எழுத்தில் கம்பியைத் தொடுவது, எதில் தொடாமல் காற்றில் போவது என்பதுதான் அடியின் வடிவம்:

த – தி – | த – தி மி | – க தி – | த – தி மி

கோடு இருக்கும் இடத்தில் கை போகும், கம்பியைத் தொடாது. மூன்றாவது தட்டின் தலையில், அதாவது எல்லாரும் அடிக்க நினைக்கிற அந்த ‘த’வில், வெறும் காற்று. அங்கே அடிக்காமல் விடுவதுதான் இந்த அடிக்கே உயிர். முதலில் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லித் தொடையில் தட்டுங்கள். வாய்க்கு வராதது கைக்கு வராது. பிறகு இடது கையால் கம்பிகளைச் சும்மா மூடிக்கொண்டு அடியுங்கள், கோட் இல்லாமல். கோட் கடைசியில்தான் சேரவேண்டும்.

பஜனைக்கும் தாளத்துக்கும் பழகிய கை சமத்தில், அதாவது முதல் தட்டில், அழுத்தும். றொக் பாட்டில் அழுத்தம் இரண்டாவது, நாலாவது தட்டுகளில், டிரம்ஸ் இருந்தால் ஸ்நெயர் விழும் இடத்தில். அந்த இரண்டு ‘த’க்களையும் சற்று ஓங்கி அடியுங்கள். மற்றது, கோட் மாறும்போது நாலாம் தட்டின் கடைசி ‘மி’யை விரலெடுத்த திறந்த கம்பியில் அடித்துவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

சில பலட்கள் நாலின் நடையில் இருக்காது; தட்டுக்கு மூன்றாக, ‘தகிட தகிட’ என்று ஆடும். அங்கே பைலாக் கை உதவும் என்று நினைத்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள். எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் பைலாவின் துள்ளல் வேறு. பலட்டில் மூன்றும் சமனாக, முதல் எழுத்து மட்டும் சற்றே கனமாக விழவேண்டும்.

பிக், கம்பியை அடிக்கிற சின்னத் தகடு, 0.6 முதல் 0.73 மில்லிமீற்றர்வரை. தடித்தது கம்பியில் சிக்கி, அடியை முரடாக்கும். சரணத்துக்கு விரல், கோரஸுக்குப் பிக் என்றால் நடுவில் பிக்கை எங்கே ஒளிப்பது என்ற பிரச்சினை வரும். அதைத் தீர்க்க, முதலிலிருந்தே பிக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கம்பியையும் 3ஆம் கம்பியையும் பிக்கால் தட்டி, 2ஐ நடுவிரலாலும் 1ஐ மோதிரவிரலாலும் இழுங்கள். பழக இரண்டு கிழமை கூடப் பிடிக்கும், பிறகு பாட்டு முழுவதிலும் கை மாறவேண்டியதில்லை.

ஏற்றம்

பழகுவதற்கு ஒரு முழுப் பாட்டின் சட்டகம் இது, வேகம் 72. முகப்பு 4 சுற்று, சரணம் 16, கோரஸுக்கு முந்திய பகுதி 4, கோரஸ் 8, சரணம் 8, முந்திய பகுதி 4, கோரஸ் 8, இடைப்பகுதி 8, கோரஸ் 16, முடிவு 4. மொத்தம் 80 சுற்று, நாலரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய. முகப்புக்கும் சரணத்துக்கும் முடிவுக்கும் மேலே சொன்ன நாலு கோட், அதே ஒழுங்கில். முந்திய பகுதிக்கு ஏ மைனர் 7, சி, டி சஸ் 4, டி. கோரஸுக்கு சி ஆட் 9, ஜி, டி, ஈ மைனர் 7. இடைப்பகுதிக்கு ஏ மைனர் 7, பி மைனர் 7, சி, டி. எல்லாம் சுற்றுக்கு ஒன்று.

ஒலியை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சரணம் 3, முந்திய பகுதி 5, முதல் கோரஸ் 7, இரண்டாவது சரணம் 4, இரண்டாவது கோரஸ் 8, இடைப்பகுதி 5இல் தொடங்கி 9, கடைசிக் கோரஸ் 10, முடிவு 2. முதல் கோரஸிலேயே பத்துக்குப் போய்விடுவதுதான் வழமை. பிறகு மூன்று நிமிடம் போக இடமில்லை.

அளவைக் கூட்டுவது கைப்பலத்தால் மட்டுமல்ல. சரணத்தில் கை ஒலித்துளையின் கழுத்துப் பக்க விளிம்புக்கு மேலே இருந்தால் ஒலி இளஞ்சூடாக வரும். முந்திய பகுதியில் உள்ளங்கையின் விளிம்பைச் சாடிலின்மேல் வைத்து, பிக்கால் 6, 5, 4ஆம் கம்பிகளில் × இல்லாதவற்றை மட்டும் தட்டுக்கு இரண்டாகக் கீழ்நோக்கி அடியுங்கள். உள்ளங்கை சாடிலைத் தாண்டித் துளைப்பக்கம் போனால் ‘டொக் டொக்’ என்று சுரமே இல்லாமல் போகும். நாலாவது சுற்றில் கையை மெல்லத் தூக்க ஒலி தானாகத் திறந்துகொள்ளும். கோரஸில் × இல்லாத எல்லாக் கம்பியையும் அடிக்க, கை துளையின் பின்விளிம்புக்கு வரட்டும்.

ஒலி கூடும்போது வேகமும் கூடும், எல்லாருக்கும். 72இல் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.83 செக்கன் இருக்கிறது, அந்த வெறுமையைக் கை தாங்காது. தாளம் தட்டும் கருவியான மெற்றோனோமை 36இல் வைத்து, அதன் ஒலி இரண்டாவது, நாலாவது தட்டுகளில் மட்டும் விழுவதாக எண்ணி வாசியுங்கள். முதலில் கோபம் வரும். பிறகு தொலைபேசியில் முழுப் பாட்டையும் பதிவுசெய்து, முகப்பின் வேகத்தையும் கடைசிக் கோரஸின் வேகத்தையும் ஒப்பிடுங்கள். மூன்று நாலு தட்டு வித்தியாசம் மன்னிக்கலாம், பத்து வந்தால் சரணத்துக்குத் திரும்பும்போது பாடுகிறவர் தடுமாறுவார்.

கட்டையும் கப்போவும்

பாடுகிறவர் “எனக்கு ஒன்றரைக் கட்டை” என்பார். 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, 4 எப், 4½ எப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. மேலே உள்ள ஜிக் குடும்பம் கப்போ (கழுத்தில் கவ்வி எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கருவி) இல்லாமல் 5 கட்டை; கப்போவை 1இல் போட்டால் 5½, 2இல் 6, இப்படியே 5இல் 1 கட்டை.

ஆனால் அவர் சொன்ன கட்டையை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டாம். கச்சேரியில் பாடகருக்கு ஒரு சுருதி, எல்லாப் பாட்டுக்கும் அதுதான். பலட்டில் சுருதி பாட்டுக்குப் பாட்டு மாறும், கோரஸின் உச்சச் சுரம் எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து. அந்த உச்சச் சுரத்தை 1ஆம் கம்பியில் தேடுங்கள். பயிற்சி இல்லாத ஆண்குரல் பலவற்றுக்கு திறந்த 1ஆம் கம்பியே சிரமப்படத் தொடங்கும் இடம், 3ஆம் பிரெற்றைத் தாண்டினால் கத்தல்தான். தாண்டுகிற அளவுக்குச் சுருதியை இறக்குங்கள். ஜியிலிருந்து மூன்று அரைச்சுரம் இறக்கி ஈக்கு வரவேண்டுமா? கப்போவை 4இல் போட்டுச் சிக் குடும்பத்தைப் பிடியுங்கள்: சி, அடியில் பியுள்ள ஜி (×-2-0-0-3-3), ஏ மைனர் 7, எப் மேஜர் 7 (×-×-3-2-1-0). அடிக்கம்பி இங்கேயும் அதேபோல இறங்கும்.

கப்போவைப் பிரெற்றுக்கு ஒட்டினாற்போல் பின்னால் கவ்வுங்கள், நடுவில் அல்ல. போட்டபின் திரும்பச் சுருதி பாருங்கள். ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது நீங்கள் வாசிப்பது அரைச்சுரம் உயர்ந்து கேட்டால் உங்கள் கிற்றாரில் பிழையில்லை. றொக் குழுக்கள் பல ஆறு கம்பியையும் அரைச்சுரம் இறக்கித்தான் வாசிக்கின்றன. நீங்களும் இறக்கலாம். விரலுக்கும் அது ஆறுதல்.

தமிழில் பாடினால்

சொந்தமாகத் தமிழ் வரி எழுதிப் பாடுகிறவர்கள் குறில் நெடிலைக் கவனிக்கவேண்டும். பலட்டில் வரியின் கடைசி ஒலி ஒரு முழுச் சுற்றுக்கு நீளும். அங்கே குறில் இருந்தால் அது நெடிலாகிச் சொல்லே மாறிவிடும்; ‘பல’ ‘பலா’வாகும். வரி முடிவிலும் முதல் தட்டிலும் நெடிலையோ, ‘ம்’, ‘ல்’, ‘ன்’ போன்று இழுக்கக்கூடிய மெய்யையோ வையுங்கள். ‘க்கு’, ‘த்து’ என்று முடிகிற சொற்களை இழுக்காமல் வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கிற்றாரிடம் விடுங்கள்.

மேடை

மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குப் போகும்போது, மைக்கைத் துளைக்கு நேரே வைப்பதுதான் எங்கும் நடக்கிறது. துளையிலிருந்து வருவது அடியொலியின் வீக்கம், குமுறும், ஊளையிடும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். கிற்றாருக்குள்ளேயே பிக்கப் (ஒலியை மின்னாக மாற்றி அனுப்பும் கருவி) இருந்தால் துளையை இறப்பர் மூடியால் அடைத்து, மிக்ஸரில் 100 முதல் 250 ஹேர்ட்ஸ் பக்கம் ஊளையிடும் இடத்தைத் தேடிக் குறைக்கச் சொல்லுங்கள். ஒலிப் பரிசோதனையில் சரணத்தை வாசித்துக் காட்டிவிட்டு இறங்கிவிடாதீர்கள். கடைசிக் கோரஸைப் பத்து என்ற அளவிலேயே ஒருமுறை அடித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் நடுவில் ஒலிக்காரர் உங்களைக் குறைத்துவிடுவார், இவ்வளவு நேரமும் சேர்த்து வைத்த ஏற்றம் மண்டபத்துக்குப் போய்ச் சேராது.